ஏ ப்ளஸ் பரீட்சைக்கு ஊரில் இருந்தே தயாராவது

கேள்வி இதுதான். உயர்தரம் முடித்துவிட்டுத் திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி, கணினிப் பழுதுபார்ப்புக்கும் உதவிச் சேவைக்கும் கொம்ப்டியா என்ற அமைப்பு தரும் சர்வதேசச் சான்றிதழான ஏ ப்ளஸ் எழுத நினைக்கிறார். விண்டோஸ் போடுவது, றாம் மாற்றுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. வகுப்புக்குக் கொழும்பு போகத்தான் வேண்டுமா, ஆங்கிலம் சுமாராக இருந்தால் சித்தியடையலாமா, எத்தனை மாதம் பிடிக்கும் என்று கேட்டிருக்கிறார்.

வகுப்புக்காகக் கொழும்பு போகத் தேவையில்லை. நாளுக்கு 2 மணித்தியாலம் விடாமல் உட்கார்ந்தால் இரண்டு தாள்களுக்கும் சேர்த்து 4 மாதம் போதும். ஆங்கிலம் சுமார் என்றாலும் எழுதலாம், ஆனால் அதற்கென்று தனியாக ஒரு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன். திருகோணமலையிலேயே ஒரு ரிப்பெயார் கடையில் வேலை செய்வதுதான் எண்ணம் என்றால் இந்தப் பரீட்சைக்குக் காசைக் கொட்டாதீர்கள். என்.வி.கியூ. (தேசிய தொழிற்றகைமை) 4 எடுத்தால் போதும், அரச வேலைக்கும் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். கொழும்புக் கொம்பனி ஒன்றின் ஹெல்ப் டெஸ்க், ஹோட்டல்களின் ஐ.டி. பிரிவு, வளைகுடா நாடுகள் என்று பார்க்கிறவருக்குத்தான் ஏ ப்ளஸ் கைகொடுக்கும்.

ஏ ப்ளஸ் ஒரு பரீட்சை அல்ல, இரண்டு. கோர் 1, கோர் 2 என்று தனித்தனியாகப் பணம் கட்டி எழுத வேண்டும். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், நேரம் 90 நிமிடம். புள்ளி 100 முதல் 900 வரை போகும். கோர் 1 சித்திக்கு 675, கோர் 2 சித்திக்கு 700. இது நூற்றுவீதக் கணக்கு அல்ல, ஆகவே "75 வீதம் எடுத்தால் சரி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எடுத்த சான்றிதழ் 3 வருடத்துக்குச் செல்லும்.

பணம் கட்டுமுன் பார்க்க வேண்டியது தொடர் இலக்கம். இப்போதுள்ளவை 220-1201, 220-1202. இதற்கு முந்தைய 1101, 1102 இரண்டும் 2025 செப்டெம்பர் 25ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டுவிட்டன. நண்பர்கள் பென் டிரைவில் தரும் புத்தகங்கள் பெரும்பாலும் பழைய தொடருக்கு உரியவை. அவற்றைத் தூக்கி எறியத் தேவையில்லை, முக்கால்வாசி இன்றைக்கும் பொருந்தும். ஆனால் கொம்ப்டியா தன் தளத்தில் இலவசமாகத் தரும் பாடக்குறிப்புப் பட்டியலை, ஒப்ஜெக்டிவ்ஸ் என்பார்கள், புதிய இலக்கத்துக்கு இறக்கி அச்சடித்து மேசையில் வையுங்கள். உண்மையான பாடத்திட்டம் அதுதான். புத்தகமும் காணொளியும் அதற்கு உரைநூல்கள் மட்டுமே. ஒரு தாளைப் பழைய தொடரிலும் மற்றதைப் புதிய தொடரிலும் எழுதிச் சான்றிதழ் பெற முடியாது.

கோர் 1இல் பழுது கண்டுபிடித்தல் 28 வீதம், வன்பொருள் 25, வலையமைப்பு 23, கைப்பேசி போன்ற கையடக்கச் சாதனங்கள் 13, மெய்நிகராக்கமும் கிளவுட்டும் 11. கோர் 2இல் பணிசெயல் முறைமை 28, பாதுகாப்பு 28, மென்பொருள் பழுது 23, அலுவலக நடைமுறைகள் 21. கடைசியாகச் சொன்ன அந்த 21ஐத்தான் பெரும்பாலானவர்கள் "பொது அறிவு" என்று விட்டுவிடுகிறார்கள். வாடிக்கையாளரோடு பேசும் முறை, வேலைச் சீட்டு எழுதுவது, மாற்றம் செய்யுமுன் அனுமதி பெறுவது, பழைய பற்றரியை எங்கே போடுவது எல்லாம் அதற்குள் வருகின்றன. படிக்க மிகச் சுலபமான பகுதி, புள்ளியோ ஐந்தில் ஒன்று.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படித்தவருக்கு "டிஎச்சிபி என்றால் என்ன" என்று கேட்டால் பதில் வரும். இந்தப் பரீட்சை அப்படிக் கேட்காது. இப்படிக் கேட்கும்: ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு மட்டும் இணையம் இல்லை. அதே மாடியில் மற்றவர்களுக்கு எல்லாம் சரி. அவருடைய கணினியின் ஐபி முகவரி 169.254.31.7 என்று காட்டுகிறது. தொழில்நுட்பவியலாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும்? தெரிவுகள் நான்கு: ரவுட்டரை மாற்றுவது, டிஎன்எஸ் முகவரியை மாற்றுவது, வலையமைப்புக் கேபிளைப் பார்ப்பது, விண்டோஸை மீள நிறுவுவது.

169.254 என்று தொடங்கும் முகவரி, கணினி முகவரி கேட்டும் யாரும் தராததால் தனக்குத் தானே வைத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு வேலை செய்கிறது என்றால் முகவரி தரும் டிஎச்சிபி சேவையகம் உயிரோடுதான் இருக்கிறது, ரவுட்டரும் அப்படியே. அப்படியானால் பழுது இந்தக் கணினிக்கும் சுவிட்சுக்கும் நடுவில்தான். கேபிளைப் பார், போர்ட்டில் விளக்கு எரிகிறதா பார். டிஎன்எஸ் என்ற தெரிவு வேண்டுமென்றே வைத்த பொறி. இணையம் இல்லை என்றதும் பலரது கை அங்கேதான் போகும். சரியான முகவரியே இல்லாத கணினிக்குப் பெயர் தேடிக் கொடுக்கும் சேவை எதற்கு? விண்டோஸை மீள நிறுவினால் தீர்ந்துவிடும் என்பது ஊர்க்கடை வழக்கம், பரீட்சையில் அது அனேகமாக எப்போதும் பிழையான விடை.

பழுது பார்ப்பதற்குக் கொம்ப்டியா 6 படி வைத்திருக்கிறது: பிரச்சினையை இனங்காண், காரணம் இதுவாக இருக்கலாம் என்று ஊகி, ஊகத்தைச் சோதி, திட்டம் போட்டுச் செய், முழுவதும் வேலை செய்கிறதா என்று உறுதிசெய், எழுதி வை. கைவேலை தெரிந்தவர்கள் முதல் படியையும் கடைசிப் படியையும் தவிர்த்துவிட்டு நேரே திருகாணியைக் கழற்றுகிறவர்கள். கேள்வித்தாள் இவர்களைத்தான் பிடிக்கும். "பழுது சரியாகிவிட்டது, அடுத்து என்ன" என்று கேட்டால் விடை கணினியைக் கொடுத்து அனுப்புவதல்ல. முழுதாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், பிறகு பதிவு எழுத வேண்டும்.

ஆங்கிலப் பிரச்சினையும் இந்த இடத்தில்தான் வருகிறது. தமிழ் மொழிமூலம் படித்தவர் தடுமாறுவது மதர்போர்ட், ஃபயர்வோல் போன்ற சொற்களில் அல்ல, அவை எல்லோருக்கும் தெரியும். கேள்வியின் கடைசி வரியில் பெரிய எழுத்தில் நிற்கும் ஒரு சொல்தான் ஆளை விழுத்துகிறது. "ஃபர்ஸ்ட்" என்றால் நாலு தெரிவும் சரியாக இருக்கலாம், முதலில் செய்வது எது என்பதே கேள்வி. "நெக்ஸ்ட்" என்றால் ஏற்கெனவே செய்ததைக் கேள்விக்குள் தேடி அதற்கு அடுத்த படியை எடுக்க வேண்டும். "மோஸ்ட் லைக்லி" என்றால் நடக்கச் சாத்தியம் கூடியது, "பெஸ்ட்" என்றால் கேள்வியில் சொன்ன செலவு, நேரம், பாதுகாப்பு என்ற நிபந்தனைக்குப் பொருந்துவது. பயிற்சிக் கேள்வி செய்யும்போது கடைசி வரியை முதலில் வாசியுங்கள், பிறகு மேலே போங்கள். நாளுக்கு 20 கேள்வி போதும். ஆனால் ஒவ்வொரு கேள்வியிலும் பிழையான மூன்று தெரிவுகளும் ஏன் பிழை என்று ஒவ்வொரு வரி தமிழில் எழுதுங்கள். இந்த வேலையைச் செய்கிறவருக்கு ஆங்கிலம் பெரிய தடையாக இராது. 200 கேள்வியைப் பார்த்து விடை பாடமாக்குகிறவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தாலும் பயனில்லை.

"அசல் கேள்விகள்" என்று விற்கிற பிடிஎஃப்களைத் தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும் என்பது ஒருபுறம். அவற்றில் பல விடைகள் யாரோ குறித்துவைத்த பிழை விடைகள் என்பது மறுபுறம்.

வன்பொருளுக்கு நம் ஊரே நல்ல ஆய்வுகூடம். கடற்கரை வீடுகளில் வரும் பழுதில் கணிசமானது உப்புக்காற்றின் வேலை. கணினி ஓன் ஆகிறது, காற்றாடி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை, பீப் பீப் என்று சத்தம் வருகிறது என்றால் முதலில் றாமைப் பாருங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டுப் பவர் பொத்தானை 10 விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை வெளியேற்றுங்கள். நிலைமின் பட்டி இருந்தால் கையில் கட்டுங்கள், இல்லாவிட்டால் வண்ணம் பூசாத கேசிங் உலோகத்தை அடிக்கடி தொட்டுக்கொள்ளுங்கள். றாமைக் கழற்றிப் பொன்னிறத் தொடுகைகளைப் பாருங்கள். மங்கலாக, பச்சையாக ஏதாவது படிந்திருந்தால் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அற்ககோலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கடைகளில் அழிறப்பரால் தேய்ப்பார்கள். வேலை செய்யும்தான், ஆனால் மெல்லிய தங்கப்பூச்சும் சேர்ந்து உரிகிறது, துகள் சிலொட்டுக்குள் விழுகிறது. திரும்பப் போடும்போது வெட்டுக் குறி நேரே இருக்க வேண்டும், காதுகள் 'டிக்' என்று பூட்ட வேண்டும். டிடிஆர்4 இன் வெட்டும் டிடிஆர்5 இன் வெட்டும் ஒரே இடத்தில் இல்லை. ஒன்றை மற்றதில் அழுத்தினால் மதர்போர்ட் உடையும். பரீட்சையில் இதே கேள்வி வந்தால் முதல் விடை "கழற்றித் திரும்பப் பொருத்து", அதற்குப் பிறகுதான் "நல்லதென்று தெரிந்த றாமைப் போட்டுப் பார்".

பவர் சப்ளையில் 3.3, 5, 12 வோல்ட் என்ற மூன்று அளவுகளும் எது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய பவர் சப்ளைகளின் பின்னால் 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். நம் நாட்டு மின் 230 வோல்ட். 115இல் இருக்கும்போது செருகினால் 'பட்' என்ற சத்தத்தோடு முடிந்துவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள், கழற்றிவைத்த பிறகும் கொண்டென்சருக்குள் ஆளை அடிக்கும் மின் நிற்கும். பழுதென்றால் மாற்றுவதுதான் விடை.

லேசர் பிரிண்டர் வீட்டில் இராது. கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கமோ பஸ் நிலையப் பக்கமோ உள்ள போட்டோக்கொப்பிக் கடையில் தெரிந்தவர் இருந்தால் டோனர் மாற்றும் நேரம் போய் நின்று பாருங்கள். தரவு ஒழுங்காக்கல், மின்னேற்றல், ஒளிவீசல், டோனர் ஒட்டல், தாளுக்கு மாற்றல், சூட்டில் பதித்தல், சுத்தம் செய்தல் என்று 7 படி. இந்த ஒழுங்கு தெரிந்தால் பழுதுக் கேள்விகள் தாமாகவே விடை சொல்லும். எழுத்து விரலில் ஒட்டி அழிகிறதா, சூட்டில் பதிக்கும் ஃபியூசர் சரியாகச் சூடாகவில்லை. முந்தைய பக்கத்தின் நிழல் அடுத்த பக்கத்தில் விழுகிறதா, டிரம் சுத்தமாகவில்லை. ஃபியூசரைத் தொடுமுன் பிரிண்டரை நிறுத்தி ஆறவிட வேண்டும், அதுவும் ஒரு கேள்வி.

வலையமைப்பில் மனப்பாடம் தவிர்க்க முடியாதது போர்ட் இலக்கங்கள், அதாவது ஒவ்வொரு வலையமைப்புச் சேவைக்கும் உரிய எண்கள். 22, 23, 25, 53, 67-68, 80, 110, 143, 389, 443, 445, 3389 என்று ஓர் அட்டையில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். கேபிள் வரிசை டி568பி: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைக் கபிலம், கபிலம். 10 மீற்றர் கேபிளும் 20 ஆர்ஜே45 தலையும் தலையை அழுத்திப் பூட்டும் கிரிம்பர் ஒன்றும் வாங்கி, தலை தீரும்வரை அடியுங்கள். முதல் 5 தலை வீணாகும். கம்பிகள் முனைவரை போய் முட்டாததும், வெளியுறை தலைக்குள் போய்ப் பிடிபடாததும்தான் காரணம். ஒரு கேபிள் ஓட்டம் 100 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. வைஃபைக்கு உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகள் கண்முன்னே இருக்கின்றன. வரிசையாக விடுதிகள், ஒவ்வொன்றிலும் ரவுட்டர், எல்லாம் 2.4 கிகாஹேர்ட்சில் ஒரே சனலில். கைப்பேசியில் வைஃபை அலசும் செயலி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஒன்றோடொன்று மோதாத சனல்கள் 1, 6, 11 மட்டுமே என்பது அதைப் பார்த்த பிறகு மறக்காது.

இணையம் இல்லை என்றால் சோதிக்கும் ஒழுங்கைக் கை பழக வேண்டும். பிங் என்பது ஒரு முகவரி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை. முதலில் 127.0.0.1க்கு (உங்கள் கணினியே) பிங், பிறகு ரவுட்டரின் முகவரிக்கு, பிறகு 8.8.8.8க்கு (வெளி இணையத்தில் உள்ள கூகுள் சேவையகம்), கடைசியில் ஒரு தளத்தின் பெயருக்கு. 8.8.8.8 பதில் தந்து பெயர் மட்டும் பதில் தரவில்லை என்றால்தான் டிஎன்எஸ்.

கோர் 2க்கு விண்டோஸை உடைத்துப் பழக ஒரு மெய்நிகர்க் கணினி, அதாவது உங்கள் கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி, வேண்டும். அதற்கான வேர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். மைக்ரோசொஃப்ட் தரும் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் சோதனைப் பதிப்பு 90 நாள் ஓடும். கோப்பு 5 ஜிபிக்கு மேல் வரும், ஆகவே இரவு டேட்டா இருப்பவர்கள் இரவில் இறக்குங்கள். மெய்நிகர்க் கணினிக்கு 4 ஜிபி றாம், 2 புரொசெசர் கோர், 64 ஜிபி வட்டு, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) கொடுக்க வேண்டும். உங்கள் கணினியில் 8 ஜிபி றாமும் எஸ்எஸ்டியும் இருந்தால் தள்ளாடித் தள்ளாடி ஓடும், 16 என்றால் நிம்மதி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் முயலாதீர்கள், விண்டோஸ் எழும்புமுன் தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். தொடங்கியதுமே பிழைச் செய்தி வந்தால் பயோஸ் அமைப்புக்குள் போய் மெய்நிகராக்கத்தை இயக்குங்கள், பல கணினிகளில் அங்கேதான் அடைத்து வைத்திருப்பார்கள். நிறுவியதும் ஸ்னாப்ஷொட் ஒன்று, அதாவது திரும்பிப் போகக்கூடிய நிலைப் பதிவு, எடுங்கள், பிறகு பயமில்லாமல் கெடுக்கலாம்.

எதைக் கெடுப்பது? டிஎன்எஸ் முகவரியைக் கையால் பிழையாகக் கொடுங்கள். அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்திவிட்டு அச்சடிக்க முயலுங்கள். பிறகு சிஸ்டம்32 கோப்புறைக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற இடத்தில் தேங்கிய கோப்புகளை அழித்துச் சேவையை மீண்டும் தொடக்குங்கள். ஒரு கோப்புறையைப் பகிர்ந்து, பகிர்வு அனுமதியில் முழு உரிமையும் என்டிஎஃப்எஸ் அனுமதியில் (வட்டிலுள்ள கோப்புக்கே உரிய அனுமதி) வாசிக்க மட்டும் உரிமையும் கொடுத்து, வேறொரு பயனராக வலையமைப்பு வழியே வந்து பாருங்கள். இரண்டில் இறுக்கமானதே வெல்லும் என்பதை நேரில் கண்டவர் அந்தக் கேள்வியைப் பிழை விடமாட்டார். விண்டோஸ் கோப்புகளையும் வட்டையும் சரிபார்க்கும் எஸ்எஃப்சி, டிஸ்ம், செக்டிஸ்க் கட்டளைகளையும் ஓட்டிப் பார்த்து எது எதற்கு என்று குறியுங்கள். ஹோம் பதிப்பில் என்ன இல்லை என்பதும் அடிக்கடி வரும்: டொமைனில் (நிறுவனம் ஒன்றாக நிர்வகிக்கும் கணினிக் கூட்டம்) சேர முடியாது, அமைப்பு விதிகளை மாற்றும் குரூப் பொலிசி தொகுப்பான் இல்லை, வேறிடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டொப் மூலம் அதற்குள் நுழைய முடியாது.

வைரஸ் நீக்கும் ஒழுங்கில் மூன்று இடத்தில் ஆட்கள் சறுக்குவார்கள். அறிகுறியை உறுதிசெய்ததும் முதல் வேலை ஸ்கேன் அல்ல, வலையமைப்பிலிருந்து பிரிப்பது. சுத்தம் செய்யுமுன் சிஸ்டம் ரீஸ்டோரை நிறுத்த வேண்டும், ஏனென்றால் பழைய மீட்புப் புள்ளிக்குள் வைரஸும் குந்தியிருக்கும். எல்லாம் முடிந்து ரீஸ்டோரைத் திரும்ப இயக்கிய பிறகு கடைசிப் படி, பயனருக்கு எடுத்துச் சொல்வது.

பரீட்சையை பியர்சன் வியூ என்ற நிறுவனம் நடத்துகிறது. கொழும்பில் நிலையத்திலும் எழுதலாம், வீட்டிலிருந்து கமெரா முன்னாலும் எழுதலாம். நிலையத்துக்குப் போகிறவர்கள் இரவுப் பயணம் செய்து விடியப் போய் இறங்கிக் காலைப் பரீட்சை எழுதாதீர்கள். 260 கிலோமீற்றர் அலுப்போடு 90 கேள்வி வாசிப்பது வீண். முதல் நாளே போங்கள், அல்லது பின்னேர நேரத்தைப் பதிவுசெய்யுங்கள்.

வீட்டில் எழுதினால் கரண்ட் போவதுதான் முதல் எதிரி. மடிகணினிக்குப் பற்றரி உண்டு, ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டரின் அடாப்டரைத் திருப்பி எழுத்தை வாசியுங்கள். 12 வோல்ட் 1 அம்பியர் என்றிருந்தால் மினி யுபிஎஸ் 12 வோல்ட்டாகவே இருக்க வேண்டும், அம்பியர் 1 அல்லது அதற்கு மேல். வோல்ட் கூடினால் ரவுட்டர் கருகும், அம்பியர் குறைந்தால் அணைந்து அணைந்து எரியும். முனையின் தடிப்பும் துருவக் குறியும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஃபைபர் என்றால் சுவரில் உள்ள பெட்டிக்கும் மின் வேண்டும், அதை மறந்துவிட்டு ரவுட்டருக்கு மட்டும் வாங்குகிறவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர இடிமழை நேரத்தைத் தெரிவுசெய்யாதீர்கள். கைப்பேசி ஹொட்ஸ்பொட்டை நம்பி எழுதாதீர்கள், கேபிள் வழியே ரவுட்டரோடு இணையுங்கள்.

வீட்டுப் பரீட்சையில் இன்னொரு சிக்கல் நம்மில் பலருக்கு உண்டு: ஆங்கிலக் கேள்வியை உதட்டை அசைத்து, மெல்லிய குரலில் வாசிக்கும் பழக்கம். கண்காணிப்பாளர் அதை எச்சரிப்பார், தொடர்ந்தால் பரீட்சையையே நிறுத்தலாம். அறைக்குள் வேறு ஆள் வந்தாலும் அப்படித்தான். குறிப்பெழுதத் தாளும் பேனையும் கிடையாது, திரையில் ஒரு வெள்ளைப்பலகைதான். ஆகவே கடைசி மூன்று வாரமும் வாய் மூடி, தாள் இல்லாமல் பயிற்சி எடுங்கள்.

பெயரைக் கவனியுங்கள். தந்தை பெயரை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, முதலெழுத்தா முழுப்பெயரா என்று நம் பெயர்கள் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். கணக்கில் பதிந்த பெயரும் காட்டும் அடையாள ஆவணமும் ஒத்துப்போகாவிட்டால் எழுத விடமாட்டார்கள், கட்டிய காசும் போகும். ஆங்கில எழுத்தில் பெயர் இல்லாத பழைய அடையாள அட்டை உதவாது. கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து பதியுங்கள்.

உள்ளே போனதும் முதலில் செய்முறைக் கேள்விகள் சில வரும்: பாகங்களை இழுத்துப் பொருத்து, வைஃபையை அமை, கட்டளை அடித்துப் பழுதைப் பிடி. முதல் கேள்வியிலேயே 12 நிமிடம் போய்விட்டது என்று பதறுகிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். கொடியிட்டுவிட்டுத் தாண்டிப் போங்கள். தெரிவு வினாக்களை 60 நிமிடத்துக்குள் முடித்துத் திரும்பி வந்தால் அரை மணித்தியாலம் கையில் இருக்கும். எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

இரண்டு தாளுக்கும் ஒன்றாகப் பணம் கட்ட வேண்டாம். கோர் 1ஐ எழுதி முடித்துவிட்டு மற்றதை வாங்குங்கள். வவுச்சருக்கு, அதாவது பணம் கட்டி வாங்கும் பரீட்சைச் சீட்டுக்கு, காலாவதித் திகதி உண்டு. முதல் முறை தவறினால் இரண்டாம் முறை உடனேயே எழுதலாம், காத்திருப்பு இல்லை. மூன்றாம் முறையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 14 நாள் பொறுக்க வேண்டும். உடனே எழுதலாம் என்பதற்காக எழுதிவிடாதீர்கள், ஒவ்வொரு முறையும் முழுக்காசு. பரீட்சை முடிந்ததும் வரும் புள்ளி அறிக்கையில் நீங்கள் பிழைவிட்ட பாடக்குறிப்புகள் ஒவ்வொன்றாக இருக்கும். அதை மேசையில் உள்ள ஒப்ஜெக்டிவ்ஸ் தாளோடு வைத்து, பிழைவிட்ட வரிகளில் சிவப்புப் பேனையால் கோடு போட்டு, அந்த வரிகளை மட்டும் திரும்பச் செய்து பார்த்த பிறகு அடுத்த திகதியைப் பதியுங்கள்.